கடித்து வைத்த ரொட்டி

சமர்கந்து
நவம்பர் 14, 2002

அன்புள்ள ஸேபோ அக்காவுக்கு,

சலாம். நீயும் குட்டிப்பயல் யூசுஃபும் சுகமா? ரஷ்யாவில் வேலைக்குப் போன அத்தானிடமிருந்து தகவல் உண்டா? உன் மாமியாரின் முழங்கால் வலி தேவலையா? நானும் சுகம். வழக்கப்படி கேட்டாயிற்று, இனி உள்ளதைச் சொல்கிறேன்.

பருத்தி வயலிலிருந்து முந்தாநாள்தான் திரும்பினோம். இரண்டு மாதம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத் தரையில் வைக்கோல் பரப்பிப் படுத்தோம். இயற்பியல் மாணவிக்குப் பாடத்தைவிடப் பருத்தி முக்கியம் என்று அரசாங்கத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். விரல் நுனியெல்லாம் கிழிந்து, பேனா பிடித்தால் எரிகிறது. அந்த எரிச்சல் எண்ணெய் தடவினால் போய்விடும். இன்னொரு எரிச்சல்தான் போகமாட்டேன் என்கிறது.

நான் வயலில் குனிந்து கிடந்த சமயம் பார்த்து, ருஹ்சோரா அத்தை நம் வீட்டுக்குப் பெண் கேட்பவர்களை அழைத்து வந்திருக்கிறாள். பையன் பெயர் புன்யோத். சந்தைக்குப் பின்னால் இரண்டு மாடி வீடாம். அம்மா அந்த வீட்டுக் கதவின் நிறம்வரை எழுதியிருக்கிறாள், பையன் என்ன படித்தான் என்று எழுதவில்லை. என்ன அவசரம் என்றால், என்னை வேன் நிறுத்தத்தில் ஒரு பையனோடு யாரோ பார்த்தார்களாம். அவன் ஆய்வுக்கூடச் சாவி எங்கே என்று கேட்டான், நான் காவலாளியிடம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் காதல். அது நம் ஊர் கிஜ்துவானுக்குப் போய்ச் சேருவதற்குள் கையும் காலும் முளைத்துவிட்டது.

"பொண்ணு பெரிய ஊர்ல தனியா கெடக்கா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அவங்களே படிக்க விடறோம்னுதானே சொல்றாங்க" என்று அத்தை அப்பாவிடம் கண் கலங்கினாளாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அப்பா சொன்ன பதிலை அம்மா அப்படியே எழுதியிருக்கிறாள். "ஸேபோவையும் இப்படித்தான் குடுத்தோம். படிக்க வைக்கிறோம்னாங்க, வைக்கிறாங்க. அவளையே கேட்டுடுவோம். அவ சரின்னா ரொட்டி பிச்சிடலாம்."

ரொட்டியைப் பிய்த்து நிச்சயம் செய்தபின் பேச என்ன இருக்கிறது? இரண்டு வீட்டாரும் வாயில் போட்டுக்கொண்ட ரொட்டியை யார் திருப்பி ஒட்டுவது?

ஆக, என் தலை உன் கையில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு வரி எழுது. 'மஹ்லியோ முதலில் படித்து முடிக்கட்டும்' என்று எழுது, போதும். நீ சொன்னால் கேட்பார்.

ஜனவரியில் உன்னைப் போன்ற தபால் வழி மாணவர்களுக்குத் தேர்வு வைக்கிறார்கள். வருவாய்தானே? போன வருடம் நீ வந்து போனதே எனக்குத் தெரியாமல் போயிற்று. இந்த முறை என் கட்டிலில்தான் படுக்கை, சொல்லிவிட்டேன். அம்மாவின் அடுக்களைச் சுவரில் இப்போதும் இரண்டு துணிப்பைகள் தொங்குகின்றன. ஒன்றில், திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டும் என்கிற நம் வழக்கப்படி, நான் செப்டம்பரில் கிளம்பும்போது கடித்துவிட்டு வந்த ரொட்டி. மற்றதில் நீ மூன்றாம் வருடத்துக்குக் கிளம்பும்போது கடித்தது. அடுத்த மாதமே கல்யாணத்துக்குத் திரும்பி வந்தவளிடம், மீதியைத் தின்றுவிடு என்று அம்மா சொன்னதற்கு, "படிப்பு முடிச்சிட்டு வந்து திங்கறேன்" என்றாயே, நினைவிருக்கிறதா? நான்கு வருடமாக அம்மா அந்தப் பையைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் பட்டம் வாங்கி அவளுக்கு விடுதலை கொடு.

யூசுஃப் கன்னத்தில் இரண்டு முத்தம். பெரியவர்களுக்கு என் வணக்கம்.

உன்
மஹ்லியோ


கர்ஷி அருகே
டிசம்பர் 3, 2002

என் அன்புத் தங்கை மஹ்லியோஜானுக்கு,

இறைவன் அருளால் இங்கு யாவரும் நலம். உன் நலத்துக்கும், நம் பெற்றோரின் நலத்துக்கும், உன் ஆசிரியர்களின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். என் மாமியார் உன்னை அன்போடு விசாரித்தார்கள். அவர்கள் என்னைப் பெற்ற மகளாக நடத்துகிறார்கள். இப்படி ஒரு வீடு வாய்க்க நம் முன்னோர் செய்த நன்மை ஏதோ இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு நல்ல இடம் ஒருமுறைதான் கதவைத் தட்டும். தட்டும்போது திறப்பதே அறிவு. படிப்பு எங்கும் ஓடிவிடாது. என் படிப்பும் நன்றாக நடக்கிறது. அத்தை நம் நன்மைக்குத்தான் சொல்வார்கள். அப்பா சொல்வதைக் கேள், கோபத்தைக் குறை, நகம் கடிப்பதை நிறுத்து.

யூசுஃப் நடக்கிறான், ஓடுகிறான். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

எல்லாருக்கும் எங்கள் சலாம்.

இப்படிக்கு,
உன் மூத்த சகோதரி ஸேபோ


சமர்கந்து
டிசம்பர் 19, 2002

ஸேபோ அக்காவுக்கு,

சலாம், சுகமா, சுகம்.

யாரடி நீ? என் அக்காவை எங்கே வைத்திருக்கிறாய்?

என் அக்கா இரண்டாம் வருடத்தில் தனக்கு ஒரு மதிப்பெண் குறைந்ததற்குத் துறைத்தலைவரின் அறை வாசலில் பாயில்லாமல் உட்கார்ந்தவள். "பொண்ணுன்னா கணக்கு வராதுன்னு நினைச்சீங்களா, சார்? நீங்க போட்ட கணக்குதான் தப்பு" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவள். நான் ஐந்தாம் வகுப்பில் பின்னங்களோடு முட்டிக்கொண்டு அழுதபோது, தலையில் ஒரு குட்டு வைத்து, தர்பூசணியை வெட்டிக் காட்டிப் புரியவைத்தவள். அவள் 'தட்டும்போது திறப்பதே அறிவு' என்று எழுதுவாளா? காலண்டர் தாளின் பின்பக்கம் பார்த்து எழுதினாயா? உன் கடிதத்தில் நீயாக எழுதியது நகம் கடிக்கும் வரி ஒன்றுதான்.

விடுதியில் நாங்கள் நாற்பது பேருக்கு ஒரே ஒரு அடுப்பு. ஒவ்வொருத்திக்கும் வீட்டிலிருந்து இதே மாதிரி கடிதம் வருகிறது. போன மாதம் நான்காம் வருடத்துப் பெண் ஒருத்தி ஒரு வாரம் விடுப்பு கேட்டுப் போனாள். கட்டிலில் அவள் போட்டுவிட்டுப் போன சால்வை அப்படியே கிடக்கிறது. இனி வரமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். விடுதிப் பொறுப்பாளர் மட்டும், "வருவா, வருவா, கட்டிலைத் தொடாதீங்கடி" என்கிறாள்.

நேராகக் கேட்கிறேன். அப்பாவுக்கு எழுதினாயா இல்லையா? என்ன எழுதினாய்? ஜனவரியில் உனக்கு என்னென்ன தேர்வு? யார் எடுக்கிறார்கள்? நாளைச் சொல், பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறேன். சமோசா கொண்டு வருகிறேன், பூசணிக்காய் வைத்தது, உனக்குப் பிடித்தது. தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்து அந்தப் பழமொழியை இன்னொருமுறை சொல்.

உன் வீட்டாருக்கு என் சலாமைச் சொல். எல்லாருக்கும்.

மஹ்லியோ


கர்ஷி அருகே
ஜனவரி 17, 2003

அன்புத் தங்கை மஹ்லியோஜானுக்கு,

நலம், உன் நலமே எங்கள் வேண்டுதல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். யூசுஃபுக்குக் காய்ச்சல். ஆகையால் தேர்வுக்கு வர இயலவில்லை. பின்னர் எழுத அனுமதி கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். ஒரு மகள் எழுத வேண்டியதை எழுதினேன். இடம் நல்ல இடம், அவர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள், என் அனுபவமே சாட்சி என்று எழுதினேன்.

மூத்தவர்களிடம் மரியாதையாக எழுதப் பழகிக்கொள். உன் கடிதம் வாசிக்கப்பட்டபோது நான் வெட்கப்பட்டேன்.

என் மாமியார் தன் சலாமைத் தெரிவிக்கிறார்கள்.

ஸேபோ


சமர்கந்து
பிப்ரவரி 4, 2003

ஸேபோ,

சுகமா என்று கேட்கமாட்டேன். உன் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களுக்கு ஆய்வுக்கூடம் எடுக்கப் புதிதாக ஓர் ஆசிரியை வந்திருக்கிறாள். பெயர் திலோரோம். பெயர்ப்பட்டியல் வாசிக்கும்போது என் குடும்பப் பெயரைப் பார்த்து நிறுத்தினாள். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டாள்.

"ஸேபோவோட தங்கச்சியா நீ? மூக்கைப் பார்த்ததுமே நினைச்சேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. தபால்ல படிக்கிறா, டீச்சர். இந்தத் தடவை கொழந்தைக்குக் காய்ச்சல், பரீட்சைக்கு வர முடியலை."

அவள் சிரித்தாள். நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தாள். "தபால்லயா? கல்யாணத்துக்கு லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனவதான். அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலையே! நாங்க எத்தனை கடிதாசு போட்டோம் தெரியுமா? ஒண்ணுக்கும் பதில் இல்லை."

கையில் இருந்த கண்ணாடிக் குழாயை உடைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான் உடைத்தேன்.

நான்கு வருடம்! ஒவ்வொரு பண்டிகைக்கும் அப்பா அண்டை வீட்டாரிடம், "பெரியவ கைக்கொழந்தையை வெச்சுக்கிட்டே படிக்கிறா" என்று மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறாரே, அவரைப் பார்க்கும்போது உன் நாக்கு கூசவில்லையா? சரி, அவரை ஏமாற்று, அது உங்கள் பாடு. இப்போது உன் பொய்யைக் காட்டித்தானே என் கழுத்தில் சுருக்குப் போடுகிறார்கள்? 'என் அனுபவமே சாட்சி.' அந்த வரியை எழுதும்போது கை நடுங்கவில்லையா? வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

அம்மா எழுதிவிட்டாள். நவ்ரூஸ் பண்டிகை முடிந்த மறுநாள் ரொட்டி பிய்க்கிறார்கள். உன் கடிதத்தை அப்பா கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். அன்றைக்கு எனக்கு வெப்பவியல் தேர்வு. நான் இங்கே கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருப்பேன், அங்கே என்னைத் தின்றுவிடுவார்கள்.

உனக்கு இனி சலாம் கிடையாது. யூசுஃபுக்கு மட்டும். அவன் என்ன செய்வான், பாவம்.

மஹ்லியோ


கர்ஷி அருகே
பிப்ரவரி 21, 2003

மதிப்புக்குரிய சம்பந்தி வீட்டு மகள் மஹ்லியோவுக்கு,

முதற்கண் உனக்கு ஆயிரம் சலாம். உன் தந்தையார் நலமா, தாயார் நலமா, உங்கள் ஆடுமாடு நலமா? எங்கள் வீட்டில் சிறியவர் பெரியவர் எல்லாரும் நலம். இதைச் சொல்பவள் ஸேபோவின் மாமியார் ஹம்ரோ. எழுதுவது என் மகள் ஷோயிரா. எனக்குக் கண் மங்கல், ஆனால் காது நன்றாகக் கேட்கும். உன் கடிதங்களை ஷோயிராதான் மாலைத் தேநீருக்கு எனக்கு உரக்க வாசிப்பாள். நன்றாக எழுதுகிறாய். மிளகாய் கொஞ்சம் அதிகம்.

உன் அக்காவுக்குக் கை ஒழியவில்லை. அதனால் நான் பதில் சொல்கிறேன். மருமகளுக்குக் கணக்குப் படிப்பு எதற்கு? தந்தூர் அடுப்பில் ஒரே நேரத்தில் இருபது ரொட்டி ஒட்டுகிறாள், ஒன்று கீழே விழாது, ஒன்று கருகாது. இந்தக் கணக்கை உங்கள் பல்கலைக்கழகத்தில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? படிக்க விடுகிறோம் என்று சொன்னோம், உண்மை. விடமாட்டோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்குத்தான் நேரம் இல்லை.

புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். குடும்பத்துக் குப்பையைக் கிளறுகிற கோழிக்குக் கத்தி சீக்கிரம் வரும். உன் அக்கா இந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க வேண்டுமானால் இனிக் கடிதம் எழுதாதே.

உன் திருமண விருந்துக்கு அழைப்பு அனுப்பு. இறைவன் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

ஹம்ரோ


சமர்கந்து
மார்ச் 2, 2003

அக்கா,

என் அக்கா. சுகமா என்று இப்போதுதான் மெய்யாகக் கேட்கிறேன்.

நான் கழுதை. உன் மாமியார் தன் கடிதத்தில் பெருமையாகச் சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. 'உன் கடிதம் வாசிக்கப்பட்டபோது' என்று நீ எழுதியிருந்தாய். யார் வாசித்தார்கள் என்று அப்போது ஏன் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை?

இதைக் கொண்டுவருபவள் என் அறைத்தோழி குல்செஹ்ரா. உங்கள் பக்கத்து ஊர்க்காரி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வருகிறாள். எப்படிக் கொடுப்பது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அவள்தான் சொன்னாள்: "எந்த வீட்டு மருமகளா இருந்தாலும் விடியறதுக்கு முன்னாடி வாசலைப் பெருக்கித்தானே ஆகணும்? மாமியார்க்காரி எழுந்திருக்கறதுக்குள்ள தெருவுல வெச்சே குடுத்துடறேன்." அவளிடம் பதில் கொடுத்து அனுப்பு. இரண்டு வரி போதும். திட்டியாவது எழுது. ஆனால் நீயே எழுது.

உன் சலாமுக்குக் காத்திருக்கும்
மஹ்லியோ


மார்ச் 9, 2003

மஹ்லி,

சலாம், என் மிளகாயே. இதை மாட்டுக்கொட்டகையில் வைத்து எழுதுகிறேன், பென்சில் மொக்கை, பொறுத்துக்கொள். நான் சுகமில்லை. நான்கு வருடத்தில் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதும்போதே உடம்பு லேசாகிறது.

உன் தோழி வாசலில் நின்று, "அக்கா, தண்ணி கிடைக்குமா?" என்றாள். பனியில் எந்தப் பைத்தியம் தண்ணீர் கேட்கும் என்று நினைத்தேன். துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கையில் திணித்தாள். நான் படித்து முடிக்கும்வரை அவளே தெருவைப் பெருக்கினாள். சரியாகப் பெருக்கத் தெரியவில்லை. நன்றாகப் படிக்கச் சொல்.

எல்லாம் 'மொதல்ல' என்ற ஒரு சொல்லில் போயிற்று, மஹ்லி. "மொதல்ல கல்யாணமாகி நாப்பது நாள் போகட்டும்" என்றாள் மாமியார். போயிற்று. "மொதல்ல குளிர் கொறையட்டும்." குறைந்தது. "மொதல்ல பிள்ளை பொறக்கட்டும்." பிறந்தான். "மொதல்ல ஷோயிராவுக்கு ஒரு வழி பிறக்கட்டும்." ஷோயிராவைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை, வருவதாகவும் தெரியவில்லை. ஒருநாள்கூடக் கூடாது என்று சொன்னதில்லை அந்தப் பெண்பிள்ளை! கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே மூடுகிற கதவை எங்கே உதைப்பது? உன் அத்தான் மூரோதிடம் சொன்னேன். "அம்மாகிட்ட பேசறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். வருடத்துக்கு ஒருமுறை வந்து அதையே சொல்லிவிட்டு ஏறுகிறார்.

நான் கொண்டுவந்த புத்தகங்களை மாமியார் தந்தூர் பற்றவைக்கும் தாளாக எடுத்து வைத்தாள். ரொட்டி சுடும் நாளெல்லாம் நான்தான் கிழிக்க வேண்டும். பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு அடுப்பில் வைப்பேன். முழுப் புத்தகமும் அப்படியே போயிற்று. நாசமாய்ப் போக! ஒரு வரி மறக்கவில்லை எனக்கு.

பொய்யைப் பற்றிக் கேட்டாயே. கல்யாணமாகி முதல் தடவை அப்பா இங்கே வந்தபோது, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "படிப்பு நடக்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் முகமே கெஞ்சியது. சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடுதான் கேட்டார். மனிதர் கேட்டதே பொய்யைத்தான், நான் கொடுத்தேன். எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரியாது. மாமியார்மேல் இருப்பதைவிட அதிகம்.

அப்பாவுக்குப் போன கடிதம் ஷோயிரா சொல்லச் சொல்ல நான் எழுதியது. கை நடுங்கியதா என்று கேட்டாய். இல்லை. உறைந்து போயிருந்தது.

நவ்ரூஸுக்கு மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாவிட்டால் ஊர் சிரிக்கும், ஆகவே அனுப்புவாள். யூசுஃபோடு வருகிறேன். என்ன செய்வேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வாயைத் திறந்தால் திரும்பிப் போக எனக்கு வீடு கிடையாது, அது மட்டும் தெரியும். நீ வராதே. வெப்பவியல் தேர்வை விட்டுவிட்டு ஓடி வந்தாயோ, காலை ஒடிப்பேன்.

நகம் கடிக்காதே.

ஸேபோ


சமர்கந்து
மார்ச் 24, 2003

அக்கா,

சலாம். வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன், நீ இன்னும் அங்கே இருப்பாயா தெரியவில்லை. தேர்வு எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில், இப்போது பிய்த்திருப்பார்கள், இப்போது தின்றிருப்பார்கள் என்றே ஓடியது. விடுதித் தொலைபேசி செத்துக் கிடக்கிறது. தபால் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் அம்மா எடுத்து, "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்ன ஐயோ? யாருக்கு ஐயோ? உன்னைக் கர்ஷிக்கு இழுத்துப் போய்விட்டார்களா? எழுதித் தொலை, அக்கா.

மஹ்லியோ


கிஜ்துவான்
மார்ச் 30, 2003

என் மஹ்லிக்கு,

சலாம், தங்கமே. நான் சுகம். இந்த முறை பொய்யில்லை.

அன்றைக்கு ஆறு பேர் வந்தார்கள். புன்யோதின் பெரியப்பா, வெள்ளைத்தாடி, நல்ல மனிதர்தான். அவனுடைய அத்தை வாயெல்லாம் தங்கப்பல். நம் ருஹ்சோரா அத்தை மாப்பிள்ளை வீட்டுக்காரியாகவே மாறிப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கொண்டுவந்த இரண்டு ரொட்டி விரிப்பின் நடுவில் இருந்தது, மேலே வெள்ளைத் துணி. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தங்கப்பல்காரி என் கையைப் பிடித்தாள். "இதோ, உங்க வீட்டுலயே இருக்காளே கண்ணுக்கு முன்னாடி! குடும்பமும் நடத்தறா, படிப்பும் நடத்தறா. நம்ம மஹ்லியோவும் இப்படித்தான் இருப்பா. நீயே சொல்லும்மா, ரெண்டும் முடியுதில்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அதே முகம், மஹ்லி. ஆமாம் என்று சொல்லிவிடு என்கிற அதே முகம்.

கெட்டிலைக் கீழே வைத்தேன். அடுக்களைக்குப் போனேன். ஆணியிலிருந்து என் பையை எடுத்தேன். பையை அவிழ்த்து, அந்த ரொட்டியை அவர்கள் ரொட்டிக்கு முன்னால் வைத்தேன். 'டொக்' என்று சத்தம் கேட்டது.

"மொதல்ல இதைப் பிச்சுக் குடுங்க, பெரியவரே. அப்புறம் அதைப் பிக்கலாம்."

"இது என்னம்மா?" என்றார் வெள்ளைத்தாடி.

"நான் படிக்கப் போறப்ப கடிச்சு வெச்சது. திரும்பி வந்து திங்கறேன்னு சொல்லிட்டுப் போனேன். எங்க மாமியார் வீட்டுலயும் படிக்க விடறோம்னு சொல்லித்தான் ரொட்டி பிச்சாங்க. இதே கூடத்துலதான்."

பாவம் அந்த மனிதர், என் பேச்சைத் தட்ட முடியாமல் எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். முடியவில்லை, கீழே வைத்துவிட்டார். அப்பா கை நீட்டி எடுத்தார். கட்டைவிரல் இரண்டும் வெளுக்கும்வரை அழுத்தினார். என் பல் பதிந்த இடம் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

"அப்பா, நான் ஒரு நாள்கூடப் படிக்கலை" என்றேன்.

ருஹ்சோரா அத்தை தொடையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! இதைப் பேசறதுக்கு உனக்கு வேற நாளே கெடைக்கலையா?"

"கேக்கறதுக்கு உங்களுக்கு நாலு வருஷம் கெடைச்சுதே, அத்தை. ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அம்மா அழ ஆரம்பித்தாள். யூசுஃப் ரொட்டியைக் காட்டி, "கல்லு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா என் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அவர்கள் கொண்டுவந்த இரண்டையும் அந்த வெள்ளைத் துணியிலேயே நிதானமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினார். உனக்குச் சொல்ல வேண்டுமா? ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தங்கப்பல் வாய் மூடியது. பெரியவர் வாங்கிக்கொண்டு எழுந்தார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுத்தான் போனார்.

நீ தப்பித்தாய். நன்றாக இரு.

அப்பா என்னோடு பேசவில்லை. "எங்கிட்டயே பொய் சொல்லிட்டா" என்று அம்மாவிடம் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன்: "கேட்டவர் மொகத்துக்கு ஏத்த பதில்தான் சொன்னேன்." அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அம்மா என் ரொட்டியைத் தேநீரில் ஊறப்போட்டாள், பகல் முழுக்க ஊறியது. தூசி வாசனை, புகை வாசனை. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். பட்டம் வாங்காமல் தின்றேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதற்கிடையில் மாமியார் தொலைபேசியில் கூவினாள். ஊரில் எங்களுக்கு என்ன பெயர் வாங்கிக் கொடுத்தாள் உங்கள் மகள் என்று கேட்டாள். அப்பா காதில் வைத்துக் கடைசிவரை கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா, சம்பந்தியம்மா?" என்று வைத்துவிட்டார். மூரோதிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. யூசுஃபைக் கேட்டு வருவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். பயத்தோடு வாழ எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

நேற்றுக் காலை அம்மா யூசுஃபைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். அப்பா பக்கத்துத் தெரு அடுப்பிலிருந்து ஆவி பறக்கும் ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கடி."

"எங்க போறதுக்குப்பா?"

"எங்க விட்டியோ, அங்க."

என் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் சமாதானமாகிவிடவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கடித்தேன், மஹ்லி. பல் முழுக்கப் பதிய, அவ்வளவு வருடத்துக்கும் சேர்த்துக் கடித்தேன். மென்று முடிப்பதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். மூரோதின் அண்ணன் வந்துவிட்டார், என்னைக் கூட்டிப் போக.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னால், வாயில் ரொட்டியோடு, மூச்சு விடாமல் நின்றேன்.

"ஸேபோ இல்லை" என்றார் அப்பா. "படிக்கப் போயிருக்கா."

செப்டம்பருக்குள் அதை உண்மையாக்க வேண்டும். திலோரோமைப் பார்த்து என்ன வழி என்று கேட்டு வை. அந்த நான்காம் வருடத்துப் பெண்ணின் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று விடுதிப் பொறுப்பாளரிடம் சொல். புது ரொட்டியை அம்மா உன்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள்.

திலோரோமுக்கும் குல்செஹ்ராவுக்கும் என் சலாம்.

உன் அக்கா
ஸேபோ